பச்சைத்தோலும் தொடுதோலும்



ஏழைநாடுகள் தலைநிமிர அயல்வாணிகமும் அயல்முதலீடும் வேண்டும் என்பர் ஒருசாரார். அவையே ஏழைநாடுகளை உறிஞ்சி ஒட்டாண்டியாக்குவன என்பர் மறுசாரார். இவ்விரண்டுக்கும் சான்று தேடி ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் போக வேண்டுவதில்லை. பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக நடந்தாலே போதும். நூறாண்டுக்கு மேலாக உலகச் சந்தையோடு பிணைந்து கிடக்கும் ஊர்கள் இவை.

காலிற் பூணும் செருப்பைச் சங்கச் சான்றோர் 'தொடுதோல்' என வழங்கினர். பச்சைத்தோல் தொடுதோலாக மாறும் வரையில் எத்தனை படிகள்! உப்பிடுதல், சுண்ணத்தில் ஊறவைத்து மயிர் களைதல், பதனிடுதல், சாயமேற்றுதல், மெருகிடுதல், வெட்டுதல், தைத்தல் என்று அவை நீளும். ஒவ்வொரு படியிலும் விலை ஏறும். எந்தப் படி எந்த நாட்டில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே எந்த நாடு செல்வம் சேர்க்கும், எந்த நாடு கூலியோடு நிற்கும் என்பது முடிவாகிறது. தோல்வாணிகத்தின் வரலாறு முழுவதும் இந்தப் படிகளுக்காக நடந்த போராட்டமே.

தமிழகத்தின் பழைய பதனிடுபொருள் ஆவாரம்பட்டை. மடலேறும் தலைவன் சூடினானே, அந்த ஆவிரையின் பட்டைதான். அதில் ஊறிய தோல் உறுதியும் மென்மையும் ஒருங்கே பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரால் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டனுக்குச் சென்றது. அங்கு ஏலத்தில் விலைபோனது. சாயமும் மெருகும் ஆங்கிலத் தொழிலகங்களில் ஏறின. பாதிப்பதம் இங்கே, மீதிப்பதமும் அதற்குரிய ஊதியமும் அங்கே! அதற்கும் கேடு வந்தது. அமெரிக்கர் 'குரோமிய'ப் பதனமுறையைக் கண்டு தேர்ந்தபின், அவர்களுக்குப் பதனிட்ட தோல் வேண்டியதில்லை. பச்சை ஆட்டுத்தோலே போதும் என்றாயிற்று. தோல் கப்பலேறிப் போக, இங்குப் பதனிடும் தொட்டிகள் பல வறண்டன.

அந்தப் புதுமுறையை இங்கேயே கற்றுக்கொண்டால் என்ன? அவ்வாறு எண்ணியவர் ஆல்பிரட்டு சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சென்னை அரசின் சார்பில் குரோமியப் பதனிடுதலை ஆய்ந்து, தொழிலகமாகவும் நடத்திக் காட்டினார். வெள்ளை வணிகர்க்கு அது பிடிக்கவில்லை. தொழிலை அரசே நடத்துவது முறையன்று என்று, இலண்டனில் அமர்ந்து இந்தியாவை ஆண்ட அமைச்சர் மார்லி 1910-இல் தடைவிதித்தார். தொழிலகம் தனியார் கைக்கு மாறிற்று. நல்லெண்ணம் கொண்ட ஒருவர் இருந்தும், கொள்கை வகுக்கும் உரிமை தன்னிடம் இல்லாத நாட்டில் அவ்வெண்ணம் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1914-ஆம் ஆண்டுப் போர் மூண்டதும் காட்சி மாறியது. பிரித்தானியப் படைஞரின் காலணிக்குத் தோல் தேவைப்பட, சென்னைத் தோலை அரசே கொள்முதல் செய்தது. போர் முடிந்தபின் 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தனர். இங்குள்ள பதனிடுவோரைக் காக்கவோ என்று நினைத்துவிடாதீர்கள்! பேரரசுக்குள் பதனிடுவோர்க்கு அவ்வரியில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 1923-இல் அவ்வரியும் 5 விழுக்காடாகத் தேய்ந்தது.

விடுதலைக்குப் பின் 1948-இல் சென்னை அடையாற்றில் நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அறிஞர் நாயுடம்மா போன்றோர் அதனை உலகறிந்த நிலையமாக்கினர். 1972-இல் அமைந்த சீதாராமையா குழு, பாதிப்பதத் தோலை விற்பதை விடுத்து முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் விற்க வேண்டும் என்றது. அதன்படி 1973-இல் பாதிப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அளவு வரம்பும் 25 விழுக்காடு வரியும் வந்தன. வணிகர் பலர் அன்று முணுமுணுத்தனர். ஆனால் ஆம்பூரில் காலணித் தொழிலகங்கள் பெருகியதும், அங்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பெற்றதும் அம்முடிவுக்குப் பின்னரே. வாணிகம் தானாக ஏணி ஏற்றிவிடுவதில்லை. ஏறும் படியை அரசு வகுத்தபோதுதான் ஏற முடிந்தது. இதனை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயின், அந்த ஏணி ஆற்றின்மேல் சாத்தப்பட்டது. முழுப்பதத் தோலுக்குக் குரோமியம் மிகுதி, நீர் மிகுதி. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிக் கழிவாக வெளியேறியது. பாலாற்றிலும் ஏரியிலும் வயலிலும் அது பாய்ந்தது. தென்னை காய்ந்தது, கிணறு உவர்த்தது. தோல்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கிட்டது. மேலைநாடுகள் தம் மண்ணில் வேண்டாம் என்று குறைத்துக்கொண்ட அழுக்குப் படிகள் இங்கு வந்து சேர்ந்தன. அத்துடன், தோலின் விலையில் ஆற்றின் விலை சேர்க்கப்படவே இல்லை. வாங்கியவரும் கொடுக்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை.

செருமனி நாட்டுச் செய்தி ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1989-இல் அந்நாடு, தோலில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க இடும் பென்டாகுளோரோபீனால் என்னும் நஞ்சு பத்து இலக்கத்தில் 5 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று வரம்பிட்டது. 1994-இல் சில சாயங்களையும் விலக்கியது. ஏற்றுமதி நின்றுவிடுமே என்ற அச்சத்தில் இங்குள்ள தொழிலகங்கள் விரைந்து மாற்றுப்பொருள் கண்டன. முடியாது என்பதெல்லாம் முடிந்தது! செருமானியரின் பாதத்தைக் காக்கச் சில ஆண்டுகளிற் செய்ய முடிந்ததை, பாலாற்று நீரைக் குடிப்போர்க்காகப் பல பத்தாண்டுகள் செய்யவில்லை. கடைக்கு வரும் பொருளைத்தான் வாங்குவோர் சோதிப்பர். பொருள் பிறந்த ஆற்றைச் சோதிக்க அவர்க்கு என்ன கவலை? அது இங்குள்ள அரசின் கடமை.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்சநயன்மன்றம் சென்றது. 1996 ஆகத்து 28-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதை நாட்டுச் சட்டமாக்கியது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. எனினும் எஞ்சும் உப்பையும் சேற்றையும் எங்கே கொட்டுவது? 2015 சனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டைச் சிப்காட்டு வளாகத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப்பேர் மடிந்தனர். பிழைப்புத் தேடி வங்கத்திலிருந்து வந்த ஏழை மக்கள் அவர்களுட் பலர். 2025 சனவரி 30-இல் உச்சநயன்மன்றம் மீண்டும் தலையிட்டு, தீங்குற்ற குடும்பங்கட்கு ஆறு கிழமைக்குள் இழப்பீடு தரவும், அதனை மாசுபடுத்தியோரிடம் திரட்டவும் அரசுக்கு ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்!

இனி, முதலீடு. ஆம்பூருக்கு நெடுங்காலம் வந்தது அயலார் முதல் அன்று; அயலார் ஆணைதான். நிலமும் பொறியும் கடனும் இங்குள்ளவருடையவை. வடிவமும் வணிகப்பெயரும் விலை குறிக்கும் உரிமையும் அங்குள்ளவருடையவை. ஆணை நின்றால் நட்டம் யாருக்கென்று சொல்லவும் வேண்டுமோ? 2025 ஆகத்து 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கட்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, வாசிங்டனில் இட்ட ஒரு கையெழுத்து ஆம்பூர்த் தெருவரை வந்து தைத்தது.

இப்பொழுது தைவான் நாட்டுத் தொழிலகங்கள் நேரே முதலிட வருகின்றன. செய்யாற்றில் முன்னரே வந்தன. 2024 திசம்பரில் இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஆங்பூ நிறுவனத்தின் 1,500 கோடி உரூபாத் தொழிலகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 பேர்க்கு வேலை என்று அரசு அறிவித்தது. அவை தோல் கலவாத விளையாட்டுக் காலணிகள். ஆற்றுக்கு அந்த அளவில் ஆறுதல். தைவானும் ஒருகாலத்தில் பிறர் ஆணைக்குத் தைத்த நாடுதான். தைத்துக்கொண்டே அச்சு செய்யவும் பொறி நடத்தவும் கற்று, இன்று பிற நாட்டில் முதலிடும் நிலைக்கு உயர்ந்தது. ஆயினும் பெரும்பெயர் பொறித்த வணிகக்குறி இன்னும் அதன் கையில் இல்லை என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, பனப்பாக்கத்தில் எத்தனை பேர் வேலை பெறுவர் என்பதோடு, அவர்களுள் எத்தனை பேர் வடிவமைப்பும் அச்சுத்தொழிலும் மேலாண்மையும் கற்பர் என்றும் ஒப்பந்தம் எழுதும்போதே கேட்க வேண்டும்.

இந்தக் கணக்குகள் எவற்றிலும் வாராத ஒரு கூட்டமும் உண்டு. ஆம்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காலணியின் மேற்பகுதியை ஊசியும் நூலும் கொண்டு கையால் தைக்கும் பெண்கள் அவர்கள். முகவர் துண்டுகளைக் கொண்டுவந்து தருவார். தைத்ததை எண்ணிக் கூலி தருவார். எந்தத் தொழிலகப் பதிவேட்டிலும் அவர்கள் பெயரில்லை. வைப்புநிதியில்லை, மருத்துவக் காப்பில்லை. ஊசிபட்டுப் புண்ணான விரலும் மங்கிய பார்வையும் அவர்களோடு போயின. ஏற்றுமதி உரிமம் பெறும் ஒவ்வொரு தொழிலகமும், தன் காலணியைத் தைக்கும் வீட்டுப் பெண்களின் பெயரையும் தரும் கூலியையும் ஆண்டுதோறும் தொழிலாளர் துறையிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று தமிழக அரசு ஒரு விதி செய்தல் அரிதன்று. அதற்கு எந்த அயல்நாட்டின் இசைவும் வேண்டியதில்லை.