கள்ளத்தோணி என்ற பட்டம் யாருக்கு லாபம்?



"வடநாட்டான் வந்து நம் கூலியைக் கெடுக்கிறான்" என்ற பேச்சு இன்று எண்ணூரிலும் மணலியிலும் ஆலை வாசல்களில் கேட்கிறது. இப்படிப் பேசுகிறவர்கள் நமக்கு விரோதிகள் அல்ல. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேசுகிற நம் தோழர்களே. ஆகவே அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சரித்திரத்தைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். அது எங்கோ தூரத்துச் சரித்திரமும் அல்ல, நமது துறைமுகத்தின் சரித்திரம்.

சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் கப்பலாக ஆள் போன காலம் ஒன்று இருந்தது. நிலமில்லாதவனும் கடன்பட்டவனும் போனார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். வெள்ளைக்கார வியாபாரிக்கு அங்கே நெல் அறுக்கவும் மூட்டை சுமக்கவும் மலிவான கை தேவைப்பட்டது. 1937 ஏப்ரல் 1ஆம் தேதிதான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் ஏகாதிபத்தியத்துக்கு அது இன்னொரு மாகாணம் மட்டுமே. கூலி தேவைப்பட்ட வரையில் எவனிடமும் "நீ எந்த நாட்டான்?" என்று யாரும் கேட்கவில்லை.

ரங்கூன் துறைமுகம் தந்த பாடம்

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தெலுங்கர்கள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? வேலையில்லாமல் அலைந்த பர்மியர்களைக் கொண்டுவந்து சரக்கு இறக்கினார்கள். பிறகு வேலைநிறுத்தம் ராஜியில் முடிந்தது; பழைய ஆட்கள் திரும்பினார்கள்; பர்மியர்களை "போங்கள்" என்று விரட்டிவிட்டார்கள். மனம் கொதித்த பர்மியத் தொழிலாளியும் மூட்டை சுமந்த இந்தியத் தொழிலாளியும் மோதிக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். செத்தவனும் தொழிலாளி, கொன்றவனும் தொழிலாளி. இருவரையும் மோதவிட்டவன் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை.

1962இல் நீ வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின; அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற் போயின. செட்டியாரின் பணத்தோடு கூலிக்காரனின் சேமிப்பும் போயிற்று. அதன் பிறகு சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வியாசர்பாடியின் பர்மாக் குடியிருப்புகளும் சடையங்குப்பத்துப் பர்மா நகரும் அவர்கள் வந்து இறங்கிய இடங்கள்.

அவர்களில் சிலருக்கு இங்கே பிழைக்க வழி தெரியவில்லை. பிறந்த ஊருக்கே திரும்புவோம் என்று வடகிழக்கு மலைகள் வழியாகப் புறப்பட்டார்கள். பர்மிய ராணுவம் எல்லையில் தடுத்தது. முன்னேயும் போக முடியாமல், பின்னே திரும்பவும் மனமில்லாமல் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கினார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. சட்டப்படி அவர்கள் செய்ய முயன்றது கள்ள எல்லைதாண்டல். உண்மையில் அவர்கள் தேடியது விட்டுவந்த வீட்டையும் வேலையையுமே.

"கள்ளத்தோணி" பிறந்த விதம்

இலங்கையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவன் கங்காணி. மண்டபம் முகாமில் சோதித்துப் பார்த்து சர்க்கார் சம்மதத்தோடு அனுப்பப்பட்ட மக்கள் அவர்கள். 1948இல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தொழிலாளர் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. உறவும் பிழைப்பும் அக்கரையில் இருக்க, நேர்வழி அடைபட்டதும் சிலர் இரவுத் தோணி ஏறினார்கள். 1952 முதல் கடலோரத்தில் ராணுவம் நின்றது. 1963இல் அதற்கென்று தனிப்படையே அமைந்தது. தோணி ஏறியவன் சிலபேர். "கள்ளத்தோணி" என்ற வசவோ தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழன் தலையிலும் விழுந்தது.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஆட்டு மந்தையைப் போலப் பிரித்தார்கள். கொழுந்து பறித்த பெண்ணிடம் "அம்மா, நீ எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று முதலில் கேட்டவர் யார்?

காவல் எதைச் செய்கிறது?

பசியும் கடனும் விரட்டுகின்றன. மலிவான ஆளைத் தேடும் முதலாளி இழுக்கிறான். இவ்விரண்டும் இருக்கும்வரை காவல் மட்டும் ஆள் வருவதை நிறுத்தாது. காவல் இறுகினால் தோணிக்காரனின் கட்டணம் ஏறும், பயணத்தின் ஆபத்து ஏறும். தப்பி வந்து சேர்ந்தவன் வாய் திறக்க மாட்டான். பாதிக் கூலி கொடுத்தால் வாங்கிக்கொள்வான். கை நசுங்கினால் நஷ்ட ஈடு கேட்க மாட்டான். சங்கத்தில் சேர மாட்டான். கேட்டால், "போலீசைக் கூப்பிடட்டுமா?" என்ற ஒரு வார்த்தை போதும். பயந்த தொழிலாளியே மலிவான தொழிலாளி. அவன் கூலி இறங்கினால் பக்கத்தில் நிற்கும் நம் கூலியும் தானாக இறங்கும்.

இந்த ஆயுதம் இப்போது உள்நாட்டிலேயே பாய்கிறது. 2025இல் குருகிராமிலும் ஒடிசாவிலும் வங்காளம் பேசிய தொழிலாளர்களை "பங்களாதேசி" என்ற சந்தேகத்தின் பேரில் நூற்றுக்கணக்கில் பிடித்துவைத்தார்கள். பலரிடம் இந்திய ஆவணங்கள் இருந்தன. மொழியே குற்றமாகிவிட்டது! தமிழ் பேசியதற்காக இலங்கையில் "கள்ளத்தோணி" என்று ஏச்சு வாங்கிய மக்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேட்போம். பீகாரியோ ஒடியரோ வங்காளியோ, ஒப்பந்தக்காரன் அழைத்துவந்த ஒவ்வொருவர் பெயரும் சம்பளப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று கேட்போம். அவர்கள் தங்கும் கொட்டகைக்குப் போவோம். அவர்கள் மொழியில் துண்டுப் பிரசுரம் போடுவோம். சங்கத்துச் சந்தாப் புத்தகத்தில் அவர்கள் பெயரை எழுதுவோம். கிராமத்துத் தோழர்களும் அறுவடைக்கு வெளியிலிருந்து வரும் கூட்டத்தாரிடம் இதையே பேசட்டும்.

ரங்கூனில் வேலைநிறுத்தம் செய்தவனும் அந்த இடத்தில் சரக்கு இறக்கியவனும் ஒரே சங்கத்தில் இருந்திருந்தால் அந்த ரத்தம் சிந்தியிராது. அந்தச் சங்கத்தை எண்ணூரில் கட்டுவது நமது வேலை.