எண்ணைத் தேடுவோர்

பழைய போர் விமானங்களின் படங்களைத் திரட்டுவோர் முதலில் நோக்குவது இறக்கையின் அழகை அன்று. உடலில் எழுதிய எண்ணையே. எண் தெரிந்தால் வரலாறு தெரியும்.

'லிபரேட்டர்' என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1945-இல் உலகப்போர் முடிந்ததும் இவற்றுட் பல கான்பூரில் கைவிடப்பட்டன. பிறர் பயன்படுத்தலாகாதென்று சேதப்படுத்தியே விட்டுச் சென்றனர். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையாரோ, அச்சிதைவுகளிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்டவற்றைச் செப்பனிட்டுப் பறக்கவிட்டனர்! 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டே இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி அமைந்தது. 1968 வரை இவை பணிபுரிந்தன.

ஒரே விமானத்திற்கு அமெரிக்கர் இட்ட எண் ஒன்று, பிரிட்டிஷார் இட்டது ஒன்று, நாம் இட்டது வேறொன்று. வண்ணப்பூச்சு மாறும்போதெல்லாம் பழைய எண் மறைந்துவிடும். ஒருவரிடமுள்ள மங்கிய படத்தை மற்றொருவர் படத்தோடு ஒப்பிட்டே முடிச்சை அவிழ்க்கவேண்டும். 44-44052 என்று பிறந்த விமானம் பிரிட்டிஷாரிடம் கே.எச்.191 ஆயிற்று; பின்னர் நம் படையில் பறந்தது; 1989-இல் அமெரிக்காவில் மீண்டும் வானேறிற்று.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில், முன்னோர் ஒருவர் விமானத்தருகே நிற்கும் படம் கிடைத்தால் எண்ணைப் பாருங்கள். படத்தின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். ஊரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.