மண்ணின் வலிமையை அளந்தறிவோம்

(மந்தின் வட்டாரத் தோட்ட மக்களுக்கான உரை)



பள்ளத்தாக்குக் களிமண் மேலே காய்ந்து, அடியில் குழைந்திருக்கும். அதன்மீது சாலையோ வீடோ எழுப்புமுன், அம்மண் அறுபட்டுச் சறுக்காமல் தாங்கும் ஆற்றலை, அதாவது வெட்டு வலிமையை, அறிதல் வேண்டும்.

நான்கு தகடுகள் குறுக்காகப் பொருத்திய கம்பியை மண்ணுள் செலுத்தி, மெல்லத் திருகுவர். மண் அறுபடும்போது தோன்றும் உச்ச முறுக்குவிசையைக் குறித்துக்கொள்வர். தகடுகளின் மொத்த அகலம் 65 மில்லிமீட்டர், உயரம் 130 மில்லிமீட்டர் எனில் கணக்கு எளிது: 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு வலிமை ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல்.

எனினும், குழைவு மிகுந்த களிமண்ணில் இவ்வெண் உண்மை வலிமையினும் மிகுந்து காட்டும். அதைக் குறைத்துக் கணக்கிடும் முறையை நார்வே அறிஞர் பியெரும் 1972-இல் வகுத்தார். கணிப்பைச் சோதிக்கவே, மூவாரில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் 1980-களின் இறுதியில் ஒரு மண்கரையை இடியும்வரை உயர்த்தியது. 5.4 மீட்டரில் அது இடிந்தது.

கல் கலந்த குன்றுமண்ணுக்கு இக்கருவி பொருந்தாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு. எந்த மண்ணாயினும், கண்ணால் கண்டதை மட்டும் நம்பி வீடு கட்டாதீர்கள். தரையில் புதிய வெடிப்பைக் கண்டால் அங்கிருந்து விலகி, நிர்வாகத்திடம் உடனே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.