கற்பவர் கையில் ஓர் ஏடு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் முதலில் மணலில் எழுதிப் பழகினர். விரலால் எழுத்தை வரைவர். பிழையானால் கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் வரைவர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். மணலில் எழுதியது மறைந்துவிடும்; ஓலையில் எழுதியது நிற்கும். இன்று நாம் வேற்றுமொழி கற்கும் முறை பெரும்பாலும் மணலெழுத்தாகவே இருக்கிறது. பயிற்சி ஏடு ஆண்டின் இறுதியில் பழைய தாளோடு எடைக்குப் போகிறது. தேர்வுத்தாள் பெரும்பாலும் எழுதியவன் கைக்குத் திரும்புவதில்லை. எஞ்சுவது ஒரு மதிப்பெண் மட்டுமே. எங்கே தொடங்கினோம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கற்பவன் தன் கண்ணால் காண வழியில்லை. அந்த வழியைத் தரும் இரண்டு கருவிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒன்று மின் தொகுப்பேடு, மற்றொன்று வலைப்பூ. ஆங்கிலம் கற்போருக்கு இவை எங்ஙனம் துணை செய்கின்றன என்பதே என் பேச்சின் பொருள்.

இப்பொருளில் எனக்கு அக்கறை பிறந்தது ஒரு தவற்றினால். தவறு செய்தவன் நானே.

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகன் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினான். பள்ளி முதல் கல்லூரி வரை தமிழ்வழியில் கற்றவன், கணக்கில் வல்லவன். ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் கொள்வான். எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். அலுவலகத்திலோ நாள்தோறும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவேண்டும். பிற மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மவர் பலருக்கு இந்நிலை புதிதன்று. கடைவீதிக்கு இந்தியோ, மராத்தியோ, வங்காளமோ போதும்; கோப்புக்கு ஆங்கிலம் வேண்டும்.

இரவு உணவுக்குப் பின் அவன் எழுதியதை என்னிடம் காட்டுவான். வரைவுகளைத் திருத்துவது என் தொழில். ஆகவே சிவப்பு மையை எடுத்து ஒரு பிழையும் விடாமல் திருத்தினேன். சில பக்கங்களில் அவன் எழுதிய கறுப்பைவிட நான் எழுதிய சிவப்பே மிகுந்திருந்தது. ஒரு மாதம் சென்றது. அவன் காட்டுவதை நிறுத்திவிட்டான். கேட்டால், "நேரமில்லை, மாமா" என்பான். சோம்பல் என்று நான் முடிவு கட்டினேன்.

அவன் சோம்பியிருக்கவில்லை. மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தான். அங்கே கற்பித்த ஆசிரியை, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மின் தொகுப்பேடு வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்.

தொகுப்பேடு என்பது யாது? ஓவியன் ஒருவன் வேலை தேடிச் செல்லும்போது தான் வரைந்த படங்களை ஓர் உறையில் இட்டு எடுத்துச் செல்கிறான் அல்லவா? அதைப் போன்றதே இது. மொழி கற்பவன் தான் எழுதியவற்றையும் பேசியவற்றையும் நாள் குறித்துச் சேர்த்து வைக்கிறான். முதல் வரைவும் அதில் இருக்கும். திருத்திய வரைவும் இருக்கும். ஆனால் சேர்த்து வைத்தல் மட்டும் போதுமானால் நம் வீட்டுப் பரணும் ஒரு தொகுப்பேடாகிவிடும். இம்முறையைப் பற்றி 2000ஆம் ஆண்டில் நூல் எழுதிய லிஸ் ஹாம்ப்-லையன்ஸ், வில்லியம் காண்டன் ஆகிய இருவரும் சேர்த்தல், தேர்ந்தெடுத்தல், எண்ணிப் பார்த்தல் என்னும் மூன்றையும் இதன் அடிப்படையாகக் கூறினர். சேர்த்தவற்றுள் எது சிறந்தது என்று கற்பவனே தேர்ந்தெடுக்கவேண்டும். ஏன் தேர்ந்தெடுத்தான், அதில் எதைக் கற்றுக்கொண்டான் என்று அவனே எழுதவேண்டும். பிறர் இடும் மதிப்பெண்ணுக்குக் காத்திருந்தவன் தன்னைத் தானே மதிப்பிடப் பழகுகிறான்.

இது இணையத்தோடு பிறந்த கருத்தன்று. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில், பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் என்னும் பேராசிரியர்கள் 1980களிலேயே, ஒரே அமர்வில் எழுதும் தேர்வுக்கு மாற்றாக மாணவர்களின் தொகுப்பேட்டைக் கொண்டுவந்தனர். ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில், மொழிகளுக்கென்றே அவ்வாண்டு கொண்டாடப்பட்டபோது, ஐரோப்பிய மொழித் தொகுப்பேட்டை அறிமுகம் செய்தது. அதில் மூன்று பகுதிகள் உண்டு. மொழிக் கடவுச்சீட்டு என்பது ஒருவர் எந்தெந்த மொழியில் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைக் காட்டும். மொழி வரலாறு என்பது அவர் கற்ற வழியைக் கூறும். மூன்றாவது, அவர் செய்த வேலைகளின் கோவை. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் 'என்னால் இதைச் செய்ய இயலும்' என்று தொடங்கும் வாக்கியங்களை அமைத்தனர். 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று சொல்லிப் பழகியவன், 'கடைக்காரரிடம் விலை கேட்க என்னால் இயலும். விடுப்பு விண்ணப்பம் எழுத என்னால் இயலும்' என்று எழுதத் தொடங்கும்போது அவன் நெஞ்சில் உண்டாகும் மாற்றம் சிறிதன்று.

அந்நாளில் காகிதக் கட்டுகளாக இருந்த தொகுப்பேடு இன்று கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. இதனால் விளைந்த பெரிய நன்மை ஒன்று உண்டு. குரலைக் காகிதத்தில் சேர்த்து வைக்க இயலாது; கைப்பேசியில் இயலும். சித்திரை மாதத்தில் ஒரு நிமிடம் பேசிய பேச்சையும் ஆடி மாதத்தில் பேசியதையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். எங்கே தயங்கினோம், எந்தச் சொல்லை விழுங்கினோம் என்பதைத் தன் காதே தனக்குச் சொல்லும்.

இனி வலைப்பூவுக்கு வருவோம். இணையத்தில் நாள் வரிசையாக எழுதப்படும் குறிப்பேடு அது. ஆங்கிலத்தில் 1997ஆம் ஆண்டில் 'வெப்லாக்' என்று பெயர் பெற்று, 1999இல் 'பிளாக்' என்று சுருங்கியது. 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழிலும் பலர் வலைப்பூ எழுதத் தொடங்கினர். அவர்களுள் ஊரைவிட்டு வெளியே வாழ்ந்தவர்கள் பலர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தொகுப்பேடு கற்பவனுக்குக் கண்ணாடி என்றால், வலைப்பூ அவனுக்கு வாசகனைத் தருகிறது.

வாசகன் ஏன் வேண்டும்? பிரான்சின் தென்பகுதியில் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் செலஸ்தேன் ஃப்ரெனே என்றோர் ஆசிரியர் இருந்தார். 1924ஆம் ஆண்டில் அவர் தம் பள்ளிக்கு ஒரு சிறு அச்சுப்பொறியை வாங்கினார். பிள்ளைகள் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதி, தாமே அச்சுக்கோத்து, நாட்டின் மறுகோடியில் பிரிட்டானிப் பகுதியில் இருந்த வேறொரு பள்ளிக்கு அனுப்பினர். அங்கிருந்தும் பக்கங்கள் வந்தன. தம் எழுத்தை யாரோ எங்கோ ஆவலோடு படிக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளைகள் சொல்லைத் தேடி எழுதினர். அந்த அச்சுப்பொறி செய்த வேலையை இன்று வலைப்பூ செய்கிறது.

என் அக்காள் மகனின் வகுப்பில் மணிப்பூரிலிருந்து வந்தவர் இருந்தார். ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் இருந்தனர். அனைவருக்கும் பொதுவான மொழி அவர்கள் கற்றுக்கொண்டிருந்த ஆங்கிலம் ஒன்றே. வகுப்பார் மட்டுமே காணத்தக்க ஒரு வலைப்பூவை ஆசிரியை அமைத்திருந்தார். இவன் முதலில் எழுதியது ஐந்து வரி. தில்லிக் குளிரில் ஒரு நாள் காலை, அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாக உறைந்திருந்ததாம். அம்மா கலப்பட எண்ணெயை வாங்கி ஏமாந்துவிட்டாள் என்று முதலில் எண்ணினானாம். இதைப் படித்த மணிப்பூர்க்காரர், "பிறகு எண்ணெயை எப்படி வெளியே எடுத்தாய்? நாள்தோறும் தலைக்கு எண்ணெய் எதற்கு?" என்று கேட்டு எழுதினார். மறுநாள் இவன் இருபது வரி எழுதினான். வெந்நீரில் புட்டியை வைத்ததை எழுதினான். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறையத்தக்கது என்று படித்தறிந்து எழுதினான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் எழுதினான். நான் ஒரு மாதம் சிவப்பு மையால் பெறமுடியாத இருபது வரியை ஓர் எளிய கேள்வி பெற்றுவிட்டது.

அப்படியானால் பிழை திருத்தவே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். 1996ஆம் ஆண்டில் ஜான் டிரஸ்காட் என்னும் அறிஞர், வேற்றுமொழியில் எழுதக் கற்பவரின் இலக்கணப் பிழையைத் திருத்துவதால் பயனில்லை, அதைக் கைவிடவேண்டும் என்றே வாதிட்டார். 1999இல் டானா ஃபெரிஸ் என்னும் அறிஞர் அதை மறுத்தெழுதினார். பின்னர் வந்த ஆய்வுகள் சில, ஒன்றிரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தினால் பயன் உண்டு என்று காட்டின. அந்த ஆசிரியை செய்ததும் இதுவே. அந்த வாரம் இறந்தகால வினை ஒன்றையே எடுத்துக்கொண்டார். எண்ணெய் உறைந்ததைக் குறிக்க இவன் 'ஃப்ரீஸ்ட்' என்று எழுதியிருந்தான். அவர் அவ்வரியின் கீழ் ஒரு கோடு மட்டும் இட்டார். 'ஃப்ரோஸ்' என்பதே சரி என்று இவனே தேடிக் கண்டான். தானே கண்டதை அவன் பிறகு மறக்கவில்லை. பழைய வரைவும் புதிய வரைவும் தொகுப்பேட்டில் அருகருகே இருந்தன.

பழைய வரைவைக் காத்து வைப்பதற்கு இன்று மற்றொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், பிழையற்ற ஆங்கிலத்தை நொடிப்பொழுதில் எழுதித் தரும் பொறி எல்லோர் கையிலும் இருக்கிறது. என் மேசைக்கும் பொறி பெயர்த்த பக்கங்கள் வருகின்றன. முடிந்த கட்டுரையை மட்டும் கண்டு ஒருவனுடைய மொழித்திறனை அளக்க இனி இயலாது. ஆனால் முதல் வரைவு, அடித்தல், தோழர் கேட்ட கேள்வி, இரண்டாம் வரைவு, தன் குரலில் ஒரு விளக்கம் என்று ஒழுங்காக வளர்ந்துவந்த தொகுப்பேடு அவன் நடந்த வழியைக் காட்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுவதற்கும் தோழர் மதிப்பிடுவதற்கும் முன்னேற்ற அட்டையில் இடம் வேண்டும் என்று கூறி, தொகுப்பேட்டையும் குறிப்பிட்டுள்ளது.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடங்களும் உண்டு. சிறுவர் எழுதும் வலைப்பூவை ஊரறியத் திறந்து வைத்தல் ஆகாது. பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, முகப்படம் ஆகியவை அதில் இடம்பெறலாகாது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்தம் விவரங்களுக்குத் தனிக் காப்பு வகுத்திருக்கிறது. அன்றியும், ஒரே கைப்பேசியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பல. அங்கே நாற்பது பக்க நோட்டும் ஒரு கோப்புறையும் போதும். கருவி சிறிதாயினும் முறை அதுவே. ஆசிரியருக்கு இதனால் வேலை கூடும் என்பதும் மெய்; அதனால்தான் எல்லாவற்றையும் திருத்த முயலாமல், மாணவர் தேர்ந்து தருவதை மட்டும் கருத்தூன்றிப் படித்தல் நலம்.

வீட்டில் இதைத் தொடங்க விரும்புவோருக்கு ஒரு யோசனை கூறுகிறேன். வாரந்தோறும் ஒரு பத்தி எழுதுங்கள், ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், நாளைக் குறியுங்கள். மாத இறுதியில் சிறந்தது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி தமிழிலேயே இருக்கட்டும். தன்னைப் பற்றி எண்ணிப் பார்க்கத் தாய்மொழியே தெளிவான மொழி. படித்துப் பார்க்கும் பெரியவர்கள் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு ஒரு பிழையை மட்டும் சுட்டுங்கள்.

சென்ற ஆண்டு அவன் தன் தொகுப்பேட்டை எனக்குக் காட்டினான். கடைசிப் பக்கத்தில் அவன் அலுவலகத்திற்கு எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு இருந்தது. தெளிவான ஆங்கிலம், இரண்டோர் இடங்களில் பிழை இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினான். நான் சிவப்பு மையால் திருத்திய தாளைப் படமெடுத்து அங்கே வைத்திருந்தான். அதன் கீழே தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தான்: "மாமா திருத்திய பக்கம். இதில் என் சொற்களைத் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது."

"இதை ஏன் எடுத்துவிடவில்லை?" என்று கேட்டேன். "தொடங்கிய இடம் அதுதானே, மாமா" என்றான்.

இப்போது அவன் மீண்டும் எழுதியதை என்னிடம் காட்டுகிறான். நான் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்.