பயணத்துக்கு ஏழு மாதம் முன்பே நாயை நினையுங்கள்



பத்துமலை, செலாயாங், கிள்ளான் வட்டாரங்களில் தரை வீடுகள் உள்ள எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு நாய் குரைக்கும். தோட்டத்தில் வாழ்ந்த காலத்திலிருந்தே இது நம் மக்களின் வழக்கம். பால்மரக் காட்டுக்குப் போனால் கூடவே ஓடிய நாய், லயத்து வாசலில் படுத்துக் காவல் காத்த நாய் எத்தனையோ. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபோது மனிதர்களுக்கு வீடு கிடைத்தது. நாய்கள் பல பின்தங்கிப்போயின. மாடி வீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

இப்போது இன்னோர் இடப்பெயர்வு நடக்கிறது. பிள்ளைக்கு மெல்பர்னில் வேலை, மகளுக்கு லண்டனில் மேற்படிப்பு, மருமகனுக்குச் சிங்கப்பூரில் நிரந்தரக் குடியுரிமை. குடும்பமே கிளம்புகிறது. வீட்டை விற்பது, காரை விற்பது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், விசா என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் நாய் கடைசி வரியில்தான் வருகிறது. பல வீடுகளில் அது வருவதே இல்லை. புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, "இதை என்ன செய்வது?" என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றே ஒன்று: காலம் கடந்துவிட்டது.

இன்றைய பேச்சின் சாரம் இதுதான். நாயை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய காரியம் அன்று. அது முடியாத காரியமும் அன்று. ஆனால், அது நாள்காட்டியைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். நாயின் பயணம் மனிதரின் பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

"மனிதனுக்கே இவ்வளவு கேள்வி இல்லையே, ஒரு நாய்க்கு ஏன்?" என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. பதில் ஒரு நோயின் பெயரில் இருக்கிறது. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் கண்டு, அதன் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்பவர்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் ரேபிஸ் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் பரவி, குழந்தைகளின் உயிரையும் பறித்தது. நம் பக்கத்து நாடான சிங்கப்பூரோ 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடாக இருந்து வருகிறது. அந்த நிலையை இழக்க அது விரும்புமா? பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர்தானே என்று காரில் நாயை ஏற்றிக்கொண்டு போய்விட முடியாது. அங்கும் அனுமதிப் பத்திரம், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, தனிமைக் காப்பு எல்லாம் உண்டு. அது மட்டுமல்ல, அங்குள்ள அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் எல்லா இன நாயையும் வளர்க்க அனுமதி இல்லை. வாடகை வீடு பார்ப்பதற்கு முன் அதை விசாரிப்பது நல்லது.

சுங்கை நிப்பா தந்த பாடம்

தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் நாய்க்கு, பல நாட்டு நாய்களுக்கு இல்லாத ஒரு தனிக் கேள்வி உண்டு. அதற்குக் காரணம் நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்ற சிற்றூர்.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. மருந்து தெளித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் புதிய கிருமியைக் கண்டார். நிப்பா என்ற பெயர் உலகெங்கும் பரவியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த அந்தக் கிருமி, பண்ணையை அடுத்து வாழ்ந்த நாய்களையும் தொற்றியிருந்தது பின்னர் தெரியவந்தது.

அதனால்தான் இன்றும் பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் இங்கிருந்து செல்லும் நாய்களுக்கு நிப்பா சான்று கேட்கின்றன. புறப்படுவதற்கு முந்திய 60 நாள்களில் அந்த நாய் பன்றிகளோடு தொடர்பு கொண்டிருக்கக்கூடாது. நிப்பா கண்ட இடத்தில் அது இருந்திருக்கக்கூடாது. இரத்தப் பரிசோதனையிலும் நிப்பாவுக்கான அடையாளம் இருக்கக்கூடாது. 1999இல் நடந்ததை நாம் மறந்திருக்கலாம். அந்நாடுகளின் பாரங்கள் மறக்கவில்லை.

180 நாள் கணக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகளில் மிகக் கடுமையான விதி ஆஸ்திரேலியாவுடையது. அதை அறிந்துகொண்டால் மற்ற நாடுகளின் விதி எளிதாகப் புரியும்.

பத்துமலைப் பக்கம் ஒரு குடும்பம், அவர்கள் வீட்டில் 'டைகர்' என்று ஒரு நாய், டிசம்பரில் மெல்பர்னுக்குக் குடிபெயரத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். எப்போது தொடங்க வேண்டும்?

முதல் வேலை மைக்ரோசிப். அரிசிமணி அளவுள்ள இந்தச் சில்லைக் கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்துவார். அனைத்துலகத் தரத்திலான 15 இலக்க எண் அதில் இருக்கும். இதுதான் டைகரின் அடையாளக் கார்டு. இதை முதலில் செய்ய வேண்டும். பல நாடுகளின் விதிப்படி, சில்லு இல்லாத நாய்க்குப் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் வராது.

இரண்டாவது, அரசாங்கக் கால்நடை அதிகாரி அந்தச் சில்லைக் கருவியால் படித்து, "இந்த எண் இந்த நாய்க்குரியது" என்று உறுதிப்படுத்துவது. இதைத்தான் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். 2023 மார்ச் 1 முதல் ஆஸ்திரேலியாவில், இரத்தம் எடுப்பதற்கு முன்பே இந்த அடையாள உறுதி செய்யப்பட்ட நாய்க்குத் தனிமைக் காப்பு குறைந்தது 10 நாள். செய்யாவிட்டால் குறைந்தது 30 நாள். ஒரு கையெழுத்துக்கு இருபது நாள் வித்தியாசம். அந்த இருபது நாளுக்கும் கட்டணம் டாலரில்.

மூன்றாவது, ரேபிஸ் தடுப்பூசி. நான்காவது, ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவது. நோய் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஊசி போட்டதே போதாதா என்றால் போதாது. ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

இப்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரத்த மாதிரி ஆய்வகத்தை அடைந்த நாளிலிருந்து 180 நாள் கடந்த பிறகே நாய் புறப்படலாம். ஜூன் 1ஆம் தேதி மாதிரி ஆய்வகத்தை அடைந்தால், நவம்பர் 28ஆம் தேதிதான் அந்தக் கெடு முடியும். ஏன் இவ்வளவு நாள்? ஊசி போடுவதற்கு முன்பே நாயின் உடலில் கிருமி புகுந்திருந்தால், அது வெளிப்படப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியை மூடத்தான் இந்தக் காத்திருப்பு. பணம் கொடுத்தோ சிபாரிசு பிடித்தோ இதைக் குறைக்க முடியாது. ஆக, டிசம்பரில் போக வேண்டிய டைகருக்கு ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இந்த ஆறு மாதமும் சும்மா இருக்கும் காலமல்ல. இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெல்பர்னுக்கு அருகே மிக்கல்ஹாமில் உள்ள அரசாங்கத் தனிமைக் காப்பு நிலையத்தில் இடம் பதிய வேண்டும். உண்ணிக்கு மருந்து இட வேண்டும். நம் ஊர் வெயிலும் மழையும் உண்ணிக்குச் சொர்க்கம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற நோய்க்கும் பரிசோதனை உண்டு. குடற்புழு மருந்தும் மற்றத் தடுப்பூசிகளும் குறித்த நாள்களில் கொடுக்கப்பட வேண்டும். கடைசியாக, அரசாங்கக் கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்றிதழும், ஏற்றுமதி அனுமதியும் வேண்டும்.

மற்ற நாடுகள்

பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு இத்தனை காத்திருப்பு இல்லை. முன்பெல்லாம் அங்கே ஆறு மாதத் தனிமைக் காப்பு இருந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த புதிய திட்டத்தால் அது தளர்ந்தது. இன்று மலேசிய நாய்க்கு மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, முதல் ஊசிக்குப் பின் 21 நாள் இடைவெளி, ஏற்கெனவே சொன்ன நிப்பா சான்று, அங்கே போய்ச் சேர்வதற்கு 1 முதல் 5 நாளுக்கு முன் நாடாப்புழு மருந்து ஆகியவை தேவை. உரிமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை இறுக்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அனுமதி இல்லை. மைக்ரோசிப் கட்டாயம். ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருப்பதால், கூடுதல் பத்திரங்கள் கேட்பார்கள்.

இன்னொன்று, நாயின் இனம். பிட்புல், ஜப்பானிய தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ போன்றவற்றுக்கு ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் தடை. நம் நாட்டிலும் அவற்றை இறக்குமதி செய்ய முடியாது.

விதியை மீறினால் என்ன ஆகும்? பேரும் புகழும் காப்பாற்றாது. 2015ஆம் ஆண்டில் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் அவர் மனைவி ஆம்பர் ஹெர்டும் தனி விமானத்தில் தங்கள் இரண்டு சிறிய நாய்களை ஆஸ்திரேலியாவுக்கு அறிவிக்காமல் கொண்டுவந்தார்கள். நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொல்ல நேரிடும் என்று விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் எச்சரித்தார். நாய்கள் அமெரிக்காவுக்குத் திரும்பின. 2016இல் ஆம்பர் ஹெர்ட் நீதிமன்றத்தில் நின்று, நுழைவுப் பத்திரத்தில் பொய்யான தகவல் தந்ததை ஒப்புக்கொண்டார்.

கூண்டு பயமுறுத்தக் கூடாது

பத்திரம் மனிதனுக்கு. நாய்க்குப் பத்திரம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கூண்டும், இருட்டும், பழகாத சத்தமும்தான். எனவே மனத்தையும் தயார் செய்ய வேண்டும்.

விமான நிறுவனங்கள் பின்பற்றும் அனைத்துலக விதிப்படி, கூண்டுக்குள் நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், இயல்பாகப் படுக்க வேண்டும். அப்படிப்பட்ட கூண்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டுக் கூடத்தில் வையுங்கள். சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். பழைய கைலியோ துண்டோ ஒன்றை உள்ளே விரியுங்கள். அதில் வீட்டு வாசம் இருக்கும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஓர் இரவு என்று பழக்குங்கள். கூண்டில் பொருத்திய கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கவும் பழக்குங்கள். தன் விருப்பத்தில் உள்ளே போய்ப் படுக்கும் நாய், விமானத்திலும் கலங்காமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

"மயக்க ஊசி போட்டுவிட்டால் தூங்கிக்கொண்டே போய்விடும்" என்று சிலர் எண்ணுவார்கள். அது ஆபத்து. மயக்க மருந்து வானத்தில் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கலாம். பொதுவாக விமான நிறுவனங்களும் மயங்கிய நாயை ஏற்பதில்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் எளிதில் வரும். அவற்றை வளர்ப்பவர்கள் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டிச் செல்ல முடியாவிட்டால்?

எல்லா நாயும் போக முடியாது. வயதான நாய், இதய நோயுள்ள நாய், தடை செய்யப்பட்ட இனம் எல்லாம் உண்டு. செலவும் பல ஆயிரம் வெள்ளி ஆகும். ஆஸ்திரேலியா என்றால் அதற்கும் மேல். முடியாது என்று முடிவெடுப்பது பாவமல்ல. அந்த முடிவைக் கடைசி வாரத்தில் எடுத்து, இரவோடு இரவாகச் சந்தைப் பக்கமோ கோயில் பக்கமோ இறக்கிவிட்டு வருவதுதான் பாவம். பைரவரின் வாகனம் என்று கும்பிடுகிறோம். அந்த வாகனத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு விமானம் ஏறலாமா?

2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், விலங்கைப் பராமரிக்கும் கடமையை உரிமையாளர்மேல் வைத்திருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. சட்டம் இருக்கட்டும். ஏழு மாதம் முன்பே யோசித்தால் உறவினர் வீடு ஒன்று கிடைக்கும். நாய் அந்த வீட்டுக்குப் பழக வார இறுதிகளில் கொண்டுபோய் விட்டு வரலாம். புதிய வளர்ப்பவரைத் தேட நாளும் இருக்கும்.

ஆகவே, விசாவுக்கு விண்ணப்பிக்க முடிவெடுக்கும் நாளிலேயே கால்நடை மருத்துவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். விதிகள் மாறக்கூடியவை. போகும் நாட்டின் அரசாங்க இணையப் பக்கத்தை ஒவ்வொரு கட்டத்திலும் சரிபாருங்கள். வாசலில் காத்திருக்கும் அந்த வாயில்லா ஜீவனுக்குத் தேதியும் தெரியாது, கெடுவும் தெரியாது. அதற்காக நாள்காட்டியைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.