ஹாரியட் மலையில் ஒரு காலை நடை
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது பிரயாண அனுபவம் பேசுங்கள், கால் மணிக்கு மேல் போக வேண்டாம்" என்று நம் காரியதரிசியின் உத்தரவு. பத்ரிநாத், முக்திநாத் எல்லாம் போய் வந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். அவர்கள் முன்னால் நான் பேசப்போவது வெறும் 365 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையைப் பற்றி. திருவண்ணாமலையில் பாதிகூட இல்லை. திருச்சி மலைக்கோட்டையைப் போல நான்கு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன மலை கடலுக்கு அப்பால், அந்தமானில் இருக்கிறது.

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மௌண்ட் ஹாரியட்தான் அது. 2021-ல் அதற்கு மௌண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேருக்கும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வாயில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் வருகின்றன. நானும் இன்று அப்படியே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தமான் என்றதும் நமக்கெல்லாம் செல்லுலர் ஜெயில்தான் நினைவுக்கு வரும். என் பாட்டி காலத்தில் "காலாபானி" என்ற வார்த்தையைக் கேட்டாலே பயம். தண்டனை ஒரு பக்கம். கடலைத் தாண்டினால் ஆசாரம் போயிற்று, ஜாதிப் பிரஷ்டம் என்ற கவலை இன்னொரு பக்கம். 1858 மார்ச் 10-ந் தேதி 200 கைதிகளோடு டாக்டர் வாக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே வந்து இறங்கினார். முதல் சுதந்திரப் போர் அடங்கிய சமயம் அது. இன்று சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே. இறங்கினால் தெருவெல்லாம் தமிழ் கேட்கிறது. வெற்றிமலை முருகன் கோயிலில் தரிசனம் செய்துவிட்டு வெளியே வந்தால் டாக்ஸிக்காரர் தமிழில் பேரம் பேசுகிறார்.

மலைக்குப் போக இரண்டு வழி. தரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் படகு வழியாகப் போனோம். சாத்தம் தீவில் 1883-ல் ஆரம்பித்த மரம் அறுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து பம்பூ பிளாட்டுக்குப் படகு. அந்தமானுக்கும் நமக்கும் ஒரே கடிகாரம்; ஆனால் சூரியன் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நாங்கள் போன ஜனவரியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் உதயம். சந்தியாவந்தனம் முடித்து, தெர்மாஸில் காப்பி எடுத்துக்கொண்டு, முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்தோம்.

அக்கரையில் ஒரு டாக்ஸிக்காரர், "சார், மேல வரைக்கும் வண்டி போகும். உங்க வயசுக்கு எதுக்கு நடக்கணும்?" என்றார். எனக்கும் சபலம்தான். என் சம்சாரம்தான், "ஏன்னா, இவ்வளவு தூரம் வந்துட்டு வண்டியில போறதா? மெதுவா நடந்தா ஆச்சு. முடியலேன்னா உட்கார்ந்துக்கலாம்" என்றாள். அடிவாரத்தில் வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம்.

தார் ரோடுதான், ஆனால் வளைந்து வளைந்து ஏறுகிறது. இரண்டு பக்கமும் காடு. 46 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான தேசியப் பூங்கா இது. படாக் என்ற மரம் அந்தமானின் சிறப்பு மரம். அடிப்பாகம் பலகை பலகையாக விரிந்து பூமியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மரத்துக்கு மரம் கொடி. வெயில் நேராகக் கீழே விழுவதில்லை. இலைகளில் வடிகட்டி, சல்லடையில் சலித்த மாதிரி ரோட்டில் சிதறிக் கிடந்தது. ஒரு மரத்தில் பளிச்சென்ற பச்சையில் ஒரு பல்லி. நம் ஆத்துப் பல்லி ராத்திரியில் வரும்; இந்த அந்தமான் பல்லி பட்டப்பகலில் வெயில் காய்கிறது. துடுப்புவால் கரிச்சான் ஒன்று வாலில் இரண்டு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி குறுக்கே பறந்தது. நாலு இடத்தில் உட்கார்ந்தோம், இரண்டு தடவை காப்பி குடித்தோம். இப்படி நிதானமாகப் போயும் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சிக்கு வந்துவிட்டோம்.

மேலே வனத்துறை விடுதியும் பார்வை மேடையும் இருக்கின்றன. பிரிட்டிஷார் காலத்தில் தீவுகளின் தலைமை அதிகாரிக்கு இது கோடை வாசஸ்தலம். மேடையில் நின்றால் நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் கீழே கிடக்கிறது. பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அதன் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலும் மலையும் கலங்கரை விளக்கமும் இருக்கும். இந்தப் பிரதேசம்தான் அது. நம் பர்ஸில் வருஷக்கணக்காக இந்த மலையை வைத்துக்கொண்டு காய்கறி வாங்கியிருக்கிறோம்! 2019-ல் வந்த புது நோட்டில் எல்லோரா வந்துவிட்டது.

இனி, இந்த மலையில் நமக்கு முன்னால் ஏறியவர்களைப் பற்றி நான்கு வார்த்தை.

ஹாரியட் என்பது ஒரு பெண்மணியின் பெயர். 1862 முதல் 1864 வரை அந்தமான் கைதிக் குடியிருப்புக்குத் தலைவராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி. 1857-ல் டில்லி முற்றுகையின்போது பூர்ண கர்ப்பிணியாக இருந்து, ராணுவ முகாமில் ஒரு வண்டியிலேயே பிள்ளை பெற்றவள். சித்திரமும் புகைப்படக் கலையும் கற்றவள். சாமான்யப் பெண்மணி இல்லை. ஆனால் மலையின் ஆதிக்குடிகள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது நான் பார்த்த எந்தப் பலகையிலும் இல்லை.

அடுத்தவர் மேயோ பிரபு, இந்தியாவின் வைஸ்ராய். 1872 பிப்ரவரி 8-ந் தேதி மாலை, இங்கே ஆரோக்கிய வாசஸ்தலம் கட்டலாமா என்று பார்க்க வந்தார். ஒரு மட்டக் குதிரையில் ஏறி வந்தவர், பாதி வழியில் இறங்கி, "இனி என் முறை நடப்பது" என்கிற தோரணையில் குதிரையைக் கூட வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். அவருடைய சரித்திரத்தை 1875-ல் எழுதிய ஹண்டர் இதைச் சொல்கிறார். உச்சியில் உட்கார்ந்து மேற்கே அஸ்தமனத்தை ரசித்தார். இருட்டிய பிறகு தீவட்டி வெளிச்சத்தில் இறங்கி, ஹோப்டவுன் படகுத்துறையில் தம் படகுக்குப் போகும்போது ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி பின்னாலிருந்து பாய்ந்து கத்தியால் குத்திவிட்டான். வைஸ்ராய் பிழைக்கவில்லை. பதவியிலிருக்கும்போது கொலையுண்ட வைஸ்ராய் அவர் ஒருவர்தான்.

ஷேர் அலி பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரியிடமே வேலை பார்த்தவன். ஒரு கொலை வழக்கில் 1867-ல் தண்டனை பெற்றவன். தான் நிரபராதி என்றே சொல்லிவந்தான். அந்தமானில் நன்னடத்தைக்காக நாவிதர் வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. அன்று மாலை அவனும் காட்டுக்குள் மறைந்து மறைந்து இதே மலையில் ஏறி இறங்கியிருக்கிறான். வழியில் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து, மார்ச் 11-ந் தேதி, வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். அவன் செய்தது சொந்தப் பகையா, அரசியலா என்பதில் இன்றைக்கும் ஒரே அபிப்பிராயம் இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. ஒரே மாலை, ஒரே மலை, ஒரே அஸ்தமனம். ஒருவர் ரசித்துக்கொண்டிருந்தார், இன்னொருவன் காத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே ஊர் திரும்பவில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள், மலைக்கு இப்போது பெயர் கொடுத்தவர்கள். 1891-ல் மணிப்பூரோடு ஆங்கிலேயர் யுத்தம் செய்து ஜெயித்தார்கள். டிகேந்திரஜித் இளவரசரை இம்பாலில் தூக்கிலிட்டார்கள். மகாராஜா குலசந்திர சிங்கையும் இன்னும் 22 பேரையும் நாடு கடத்தி இந்த மலையில் வைத்தார்கள். மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள். நாலா பக்கமும் கடல் தெரிகிற இடத்தில் வந்து உட்கார்ந்தபோது மனசு என்ன பாடுபட்டிருக்கும்? எனக்கு அழகாகத் தெரிந்த அதே நீலம் அவர்களுக்குச் சிறைச்சுவராக அல்லவா தெரிந்திருக்கும்!

உச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் போனால் காலாபத்தர் என்ற கறுப்புப் பாறை. கைதிகளை அங்கிருந்து தள்ளிவிட்டார்கள் என்று உள்ளூரில் ஒரு பேச்சு இருக்கிறது. நாங்கள் அதுவரை போகவில்லை, முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது. மேடையிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். என் சம்சாரம் திடீரென்று, "நாம சாயங்காலம் ரூமுக்குப் போயிடுவோம், நாளன்னிக்கு ஆத்துக்குப் போயிடுவோம் இல்லையா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. சிரமம் ஒன்றும் இல்லாத ஏற்றம். ஆனால் ஏறினவர்கள் எல்லோருக்கும் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைத்திருந்தது: இஷ்டப்பட்டபோது எழுந்து, இறங்கி, ஆத்துக்குத் திரும்புவது. சுதந்திரம் என்றால் கொடியேற்றம், மிட்டாய் என்று இருந்த எனக்கு, அன்று அந்த வார்த்தைக்கு அர்த்தம் கால் வழியாக ஏறியது.

ஆகவே உங்கள் எல்லோரிடமும் என் விண்ணப்பம் ஒன்று. பெரிய யாத்திரைக்கு நாள் பார்த்துப் பார்த்து ஒத்திப்போடுகிறோம். அதற்குள் முட்டி தேய்ந்துவிடுகிறது. சின்ன மலையாகப் பாருங்கள். நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். காலை வெயிலில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடலாம். ஏறுவதற்கு முன் நமக்கு முந்தி அங்கே ஏறியவர் யார் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தமான் போகிறவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரி உசிதம், மழைக்காலத்தில் வழியெல்லாம் அட்டை கடிக்கும். பிடிப்புள்ள செருப்பும் தண்ணீரும் அவசியம். பிளாஸ்டிக் குப்பையைக் காட்டில் போடாதீர்கள். சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும், ஐந்து மணிக்குள் கீழே வந்துவிடுங்கள். டாக்ஸிக்காரர் கூப்பிட்டால், இறங்கும்போது ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் சொன்னோம். ஆனால் இறங்கும்போதும் நடந்தே வந்தோம்.