தூறும் பறவையும்: ஒரு வேட்டைக் கட்டுரையைத் தமிழாக்கியபோது



மொழியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வேட்டையைப் பற்றிப் பேசப் போகிறோம். காரணம் ஒரு வகுப்பறையில் தொடங்கியது. மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்திருந்தோம். அமெரிக்காவின் வடகாடுகளில் இலையுதிர் காலத்தில் நடைபெறும் பறவை வேட்டையைப் பற்றியது அது. அதில் ‘கவர்’ என்னும் சொல் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வந்தது. மாணவர் ஒருவர், “பறவைகள் அடர்ந்த மூடிக்குள் ஒளிந்திருந்தன” என்று எழுதியிருந்தார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பிறகு அந்த மாணவர் எழுந்து, “அப்படியானால் சரியான சொல் எது ஐயா?” என்று கேட்டார். உடனே சொல்ல நம்மிடம் விடை இல்லை. இந்த உரை அந்தக் கேள்விக்குக் காலந்தாழ்த்திக் கொடுக்கும் விடை.

சொல்லைத் தேடுமுன் அந்த நிலத்தைக் காண வேண்டும். மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து கிழக்கே மெயின் வரை நீண்டு கிடக்கும் காடு அது. அங்கே ஆஸ்பென் என்றொரு மரம் உண்டு. மெல்லிய காற்றுக்கும் இலை நடுங்கும். அதை வெட்டினால் சாவதில்லை. வேரிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் தளிர்கள் கிளம்பும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவை மணிக்கட்டுப் பருமன் தண்டுகளாகி, மனிதர் தோளைச் சாய்த்துத்தான் நுழைய முடியும் என்னும் அளவுக்கு நெருங்கி நிற்கும். பள்ளமான ஈர நிலங்களில் ஆல்டர் புதர்கள் பின்னிக் கிடக்கும். வானளாவிய முதுமரங்கள் நிற்கும் காட்டையே நாம் காடு என்று போற்றுகிறோம். இந்தப் பறவைகளோ அதை விரும்புவதில்லை. வெட்டுண்டு, எரியுண்டு, மீண்டும் முளைத்த இளங்காடே அவற்றின் வீடு. கிளைகள் நெருங்கியிருப்பதால் பருந்தும் ஆந்தையும் எளிதில் பாய முடியாது. வேட்டைக்காரர் ‘கவர்’ என்பது இதைத்தான்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன. இறும்பு என்றால் குறுங்காடு. பொதும்பர் என்றால் மரச்செறிவு. தூறு என்றால் அடர்ந்த புதர். முதலிரண்டும் உரையாசிரியர்களோடு தங்கிவிட்டன. தூறு மட்டும் இன்றும் ஊர்ப்புறத்தில் வழங்குகிறது. ஆகவே நாம் தூறு என்பதையே தேர்ந்தோம். வழங்கும் சொல் இருக்கும்போது பழஞ்சொல்லை எடுத்து அணிவிப்பது மொழிபெயர்ப்பாளருக்கு அழகன்று என்பது நம் கருத்து. இறும்பின்மீது நமக்குத் தனிப்பட்ட ஆசை உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அடுத்தது பறவைகளின் பெயர். அந்தத் தூறுகளில் இரண்டு பறவைகள் முதன்மையானவை. ஒன்று கிரவுஸ். கழுத்தில் சிலிர்க்கும் இறகு வளையம் உடையது. அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை. பென்சில்வேனியா அதைத் தன் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளது. இளவேனிலில் ஆண்பறவை விழுந்த மரத்தின்மீது நின்று சிறகுகளால் காற்றை அறையும். தொலைவில் யாரோ முழவு கொட்டுவதுபோல் கேட்கும். பனிக்காலத்தில் கால்விரல்களின் இருபுறமும் சீப்புப் பல் போன்ற முளைகள் வளர்ந்து, பனிமேல் புதையாமல் நடக்க உதவும். இரவில் மென்பனிக்குள் பாய்ந்து புதைந்து உறங்கும். எத்தனை குளிர் வந்தாலும் அது அந்தக் காட்டை விட்டுப் போவதில்லை.

நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் இதைக் கண்டதும் ‘பார்ட்ரிட்ஜ்’ என்று அழைத்தார்கள். தாய்நாட்டில் பழகிய பறவையின் பெயரைப் புதுநாட்டின் அயற்பறவைக்குச் சூட்டிய செயல் அது. நம் மாணவர் பலர் அகராதியைப் பார்த்துக் கவுதாரி என்று எழுதினார்கள். அதாவது ஆங்கிலேயர் செய்த பிழையைத் தமிழில் மறுமுறை செய்தார்கள். கவுதாரி வெட்டவெளியும் முட்புதரும் கலந்த வறண்ட நிலத்துப் பறவை. அந்தப் பெயரைப் படித்த தமிழர் மனத்தில் செம்மண் காடும் உடைமரமும் எழும், பனிக்காடு எழாது. காட்டுக்கோழி என்றும் சொல்ல முடியாது. அப்பெயருக்கு உரிய பறவை வேறு, இங்கே உபின் தீவில் கூவிக்கொண்டிருக்கிறது. எனவே கிரவுஸ் என்றே விட்டோம். கடன் வாங்குவது சில வேளைகளில் நேர்மை.

மற்றொன்றுக்கு அவ்வாறு கடன் வாங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘வுட்காக்’ எனப்படும் அது உள்ளான் குடும்பத்துப் பறவை. சேற்றில் அலகு குத்தி இரை தேடும் உள்ளானைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். இது காட்டுக்குள் குடிபுகுந்த உள்ளான். இதன் ஐரோப்பிய, ஆசிய உறவினம் குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வருவதுண்டு. ஆகவே காட்டுள்ளான் என்று பெயரிட்டோம். உறவு உண்மையானது என்பதால் பெயரும் பொருந்துகிறது. அமெரிக்கக் காட்டுள்ளானின் நீண்ட அலகின் நுனி மட்டும் தனியே திறக்கும். மண்ணுக்குள் இருக்கும் மண்புழுவை அங்கேயே பற்றும். கண்கள் தலையின் பின்மேற்புறம் அமைந்திருப்பதால், தலை குனிந்து உண்ணும்போதே பின்னால் வருவதையும் பார்க்கும். நிலம் உறையத் தொடங்கினால் புழு கிடைக்காது. இரவோடு இரவாகத் தெற்கே போய்விடும். நேற்று வெறுமையாக இருந்த தூறு, வடக்கே உறைபனி விழுந்த மறுநாள் பறவைகளால் நிறைந்திருக்கும். அதற்கு மறுநாள் மீண்டும் வெறுமை.

வேட்டை எப்படி நடக்கிறது? திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவைக்காகக் காத்திருப்பதை நாம் பாடமாக நடத்துகிறோம். அது காத்திருக்கும் வேட்டை. இது நடக்கும் வேட்டை. செட்டர், பிரிட்டனி போன்ற இன நாய் ஒன்று முன்னே ஓடும். தூறுக்குள் நாய் தெரியாது. ஆகவே அதன் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். மணியொலியைக் கேட்டபடி வேட்டைக்காரர் பின்தொடர்வார். ஒரு கட்டத்தில் மணி ஓய்ந்துவிடும். நாய் பறவையின் மணத்தை அறிந்து அசையாமல் நிற்கிறது என்பதே அதன் பொருள். இந்த வேட்டையில் ஒலியன்று, ஒலியின் நிறுத்தமே செய்தி. இப்போது பலர் மணிக்குப் பதிலாக நாயின் இருப்பிடத்தைக் காட்டும் மின்கருவியைப் பயன்படுத்துகிறார்கள். மணியை விடாதவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு வேட்டைக்காரர் நாயைக் கடந்து உள்ளே நுழைய வேண்டும். காட்டுள்ளான் காலடிக்கு வரும்வரை அசையாது. எழும்போது சிறகின் வெளி இறகுகள் சீழ்க்கை அடிக்கும். கிரவுஸ் இடியோசையோடு எழுந்து ஒரு மரத்தைத் தனக்கும் துப்பாக்கிக்கும் நடுவே வைத்துக்கொண்டு பறந்துவிடும். பார்க்கக் கிடைப்பது ஒரு நொடி. அக்டோபர் தொடக்கத்தில் இலைகள் உதிராத நாள்களில் அதுவும் இல்லை, ஓசை மட்டுமே. நாள் முழுதும் நடந்து வெறுங்கையோடு திரும்புவது அங்கே இயல்பு.

பறவையை இவ்வாறு எழச் செய்வதற்குச் சிலர் ‘ஓப்புதல்’ என்று எழுதினார்கள். தினைப்புனத்தில் கிளி ஓப்பிய நினைவு! அந்தச் சொல்லை அறிந்திருந்ததற்கே மதிப்பெண் கொடுத்தோம். ஆனால் ஓப்புதல் கதிரைக் காக்கப் பறவையை விரட்டுவது. இங்கே பறவையே குறி. ‘எழுப்புதல்’ போதும் என்று முடிவு செய்தோம். எதிர்த்திசையில் ஒரு செய்தி: தொலைவிலிருந்து சுடுபவரைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்னும் ஆங்கிலச் சொல், பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியாவில் ஆங்கிலேயப் படையினர் உள்ளான் சுடச் சென்ற வழக்கத்தை ஒட்டிப் பிறந்தது. உள்ளானின் ஆங்கிலப் பெயர் ‘ஸ்னைப்’.

கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த நூலைப் படிக்கும் மாணவர்கள், “இதை ஏன் படிக்க வேண்டும்?” என்று கேட்டார்கள். முறையான கேள்வி. நாம் ஆல்டோ லியோபோல்டைப் பற்றிச் சொன்னோம். விஸ்கான்சினில் வாழ்ந்த அவர் 1948இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவரது நூலில், இளவேனில் அந்தியில் ஆண் காட்டுள்ளான் வானில் சுழன்றேறி ஆடும் ஆட்டத்தை விவரிக்கிறார். அவர் அப்பறவையை வேட்டையாடியவரும்கூட. அந்த ஆட்டத்தை அறிந்தபின் ஒன்றிரண்டு பறவைகளே போதும் என்று நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதுகிறார். இன்று சட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 காட்டுள்ளான்களை மட்டுமே அனுமதிக்கிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி காட்டுயிர்ப் பணிகளுக்குச் செல்கிறது. இளங்காடுகள் முதிர்ந்து தூறுகள் குறைவதே இப்பறவைகளுக்குப் பெருங்கேடு. மரத்தை வெட்டுங்கள் என்று அங்கே குரல் கொடுப்பவர்களுள் வேட்டைக்காரர்கள் முன்னிற்கிறார்கள். இவற்றையெல்லாம் கேட்ட பின்பும் கொல்வது தவறு என்று எழுதிய மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் மொழிபெயர்ப்பு மற்றவர்களுடையதைவிடக் குறைந்ததாக இல்லை.

ஒரு சொல் மட்டும் எஞ்சியது. மணி ஓய்ந்ததும் நாய் நிற்கும் அந்த நிலையை ஆங்கிலத்தில் ‘பாயின்ட்’ என்கிறார்கள். ‘சுட்டுதல்’ என்றால் விரல் நினைவு வருகிறது. ‘குறிநிலை’ என்று நாம் கரும்பலகையில் எழுதி, நமக்கே பிடிக்காமல் அழித்தோம். தொடக்கத்தில் ‘மூடி’ என்று எழுதிய அதே மாணவர், திருத்திய படியில், “தூறுக்குள் மணி ஓய்ந்தது, நாய் மோப்பத்தில் உறைந்து நின்றது” என்று எழுதிக் கொடுத்தார். அதை நாம் திருத்தவில்லை. அவையோரிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால், கேள்வி நேரத்தில் கேட்டு எழுதிக்கொள்ளக் காத்திருக்கிறோம்.